செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு

அதே பெட்டி, அதே படம்

ரொறன்ரோவில் ஒரு தமிழ் வீட்டின் பேஸ்மென்றில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் பூட்டியிருக்கிறார்கள். படத்தில் மழை பெய்தால் அது முதுகுக்குப் பின்னாலும் பெய்கிறது. கதாநாயகன் முணுமுணுத்தாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. அதே செற்றை யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் புதிதாகக் கட்டிய வீட்டு ஹோலில் பூட்டினால், மழை எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் இரைகிறது. வசனம் விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த பாட்டில் காது அடைக்கிறது. பெட்டியும் மாறவில்லை, படமும் மாறவில்லை. பிறகு மாறியது என்ன? வெளிநாட்டிலிருந்து செற் வந்து இறங்கிய வீடுகளில் பலர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

வழக்கமாக மூன்று பதில் வரும். செற் பழுது, கரண்ட் சரியில்லை, இன்னும் இரண்டு ஸ்பீக்கர் போட வேண்டும். மூன்றாவதுதான் காசைத் தின்னும் பதில். அது பிழையும்கூட. ஒலி நம்மைச் சூழ்ந்திருக்கிறது என்ற உணர்வு, எந்த ஒலி எந்தக் காதுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதிலிருந்து பிறக்கிறது. ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். அந்த ‘எப்போது’ செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசெக்கனில் அளக்கப்படுவது. சுவருக்குள் பதிப்பதா, வயர் இல்லாமல் வைப்பதா, யன்னலுக்கு என்ன சீலை போடுவது என்ற எல்லாக் கேள்விகளையும் அந்த ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அளந்து பார்த்தால், சீமெந்து வீட்டுக்கு ரொறன்ரோத் திட்டம் பொருந்தாது. அதற்கென்று வேறொரு திட்டம் இருக்கிறது. அது மட்டமான திட்டமும் அல்ல.

காதுக்குத் திசை தெரிவது எப்படி

கண்ணின் விழித்திரையில் இடது பக்கப் பொருளுக்கு ஓரிடமும் வலது பக்கப் பொருளுக்கு வேறோரிடமும் உண்டு. செவிப்பறைக்கு அந்த வசதி இல்லை. எந்தத் திசையிலிருந்து ஒலி வந்தாலும் அதே சிறிய தோல்தான் உள்ளும் புறமுமாக அதிர்கிறது. இருந்தும் கிணற்றடியில் வாளி விழுந்தால், கண்ணை மூடியிருந்தாலும் சரியான பக்கத்துக்கே தலை திரும்புகிறது. காதுகள் இரண்டாக இருப்பதும், அவற்றுக்கு நடுவே ஒரு தலை இருப்பதும்தான் இதற்குக் காரணம்.

யாழ்ப்பாணத்து 30 பாகை வெப்பக் காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடுகிறது. அப்படியானால் ஒரு மில்லிசெக்கனில் 35 சென்ரிமீற்றர். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், அத்தியாயத்தின் மீதிக் கணக்கெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும். நேர் வலப்பக்கத்தில் எழும் ஒலி வலது காதை அடைந்து, தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதை அடைய ஒரு மில்லிசெக்கன்கூடப் பிடிப்பதில்லை. அதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூளை இந்த வித்தியாசத்தை உணர்கிறது. அதுமட்டுமல்ல, தகுந்த சூழலில் செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடப் பிரித்தறிகிறது. தாழ்ந்த சுருதியில் நேர வித்தியாசமும், கீச்சென்ற சுருதியில் தலையின் மறைப்பால் ஒரு காதில் ஒலி குறைவதும் திசையைச் சொல்கின்றன என்று ரேலி பிரபு 1907இல் விளக்கினார். பிறகு பலர் இதை நுணுக்கமாக்கியிருக்கிறார்கள், அடிப்படை மாறவில்லை.

காது இப்படி நேரத்தைப் பார்த்துத் திசையை ஊகிக்கிறதென்றால், நேரத்தைத் திட்டமிட்டுக் கொடுத்து அதற்கு வேறொரு திசையைக் காட்டவும் முடியும். ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இதற்குத்தான். இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கரில் ஒரே குரலை ஒரே அளவில், ஒரே நேரத்தில் கொடுத்தால், ஸ்பீக்கரே இல்லாத நடுவிடத்தில் அந்தக் குரல் நிற்கிறது. அறுபது ஆண்டுகளில் இது முன்னே மூன்று, பக்கவாட்டில் இரண்டு, தாழொலிக்கு ஒன்று என வளர்ந்து 5.1 ஆனது. 1992இல் டொல்பி டிஜிற்றல் அந்த அமைப்போடு திரையரங்குகளுக்கு வந்தது. தமிழில் 1995இல் வந்த ‘குருதிப்புனல்’ டொல்பி ஒலியோடு வெளியானது. திரையரங்கில் ஒலிப்பொறியாளர் அறையை அளந்து ஸ்பீக்கரை வைக்கிறார். வீட்டில் அளப்பவர் யார் என்பதுதான் பிரச்சினை.

முந்தி வந்த ஒலி

திருவிழாக் காலத்தில் கோயில் வீதி நெடுகக் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டுவார்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நடந்து போகிறவருக்கு இரண்டிலிருந்தும் பாட்டு வந்து விழுகிறது. ஆனால் அவருக்குக் கேட்பதோ கிட்டவுள்ள கம்பத்திலிருந்து மட்டுமே. நடுவைத் தாண்டிச் சில அடி வைத்ததும், முன்னறிவிப்பு ஒன்றுமின்றிப் பாட்டு அடுத்த கம்பத்துக்குத் தாவிவிடுகிறது. பின்னால் உள்ள ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தவில்லை. முந்தி வந்த ஒலியின் திசையையே முழு ஒலியின் திசையாக மூளை எடுத்துக்கொண்டு, சற்றுப் பிந்தி வந்த அதே ஒலியை அதற்குள் கரைத்துவிட்டது. இதை முந்தொலி விளைவு என்று சொல்வோம். ஜேர்மனியின் கோற்றிங்கனில் ஹெல்முற் ஹாஸ் 1949இல் எழுதிய ஆய்வேட்டில் இதற்கு அளவு கிடைத்தது. ஐந்து முதல் முப்பது மில்லிசெக்கன் வரை பிந்திவரும் ஒலி, முந்தியதைவிட உரத்திருந்தாலும்கூடத் தனி ஒலியாகத் தோன்றுவதில்லை. பேச்சென்றால், ஐம்பது மில்லிசெக்கனைத் தாண்டினால்தான் அது எதிரொலியாகப் பிரிந்து கேட்கிறது. அதாவது பாதையில் பதினேழு மீற்றருக்கு மேல் வித்தியாசம் வேண்டும். வீதியில் மூன்றாவது, நாலாவது கம்பத்துப் பாட்டு இரட்டித்துக் கேட்பது இதனால்தான்.

வீட்டு ஹோலில் இந்த விளைவு நண்பனாகவும் வரும், திருடனாகவும் வரும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிகளை எதிரொலியாகக் கேட்காமல் காப்பாற்றுவது இதுவே. ஆனால் சோபாவின் இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் கிட்டே இருப்பதால், திரையின் நடுவில் நின்று பேசுகிறவரின் குரலை அந்த ஸ்பீக்கர் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நடு ஸ்பீக்கர் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே இந்த இழுப்பைத் தடுக்கத்தான். வீட்டில் தனியாக ஒருவர் நடுவில் இருந்து பார்ப்பது அபூர்வம், குடும்பமே வரிசையாக இருந்து பார்க்கிறது. ஆகவே காசு போதாதென்றால் பின் ஸ்பீக்கரை விட்டுவிடலாம், நடு ஸ்பீக்கரை விடக்கூடாது.

ஒரு ஹோலைக் கணக்குப் பார்ப்போம்

தொண்டைமானாற்றில் கட்டப்படும் ஒரு ஹோலை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீற்றர், அகலம் 4 மீற்றர், உயரம் 3 மீற்றர். சீமெந்துக் கல்லுச் சுவர், இருபக்கமும் பூச்சு, நிலத்தில் பளிங்குபோன்ற ரைல்ஸ், மேலே கொங்கிறீற் தட்டு. ரிவி 4 மீற்றர்ச் சுவரின் நடுவில். முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து 1.6 மீற்றர் தள்ளி ஆளுக்கொரு பக்கம். கதிரை ரிவிச் சுவரிலிருந்து 3.6 மீற்றரில். நம் ஊர் ஹோல்களில் சோபா பெரும்பாலும் பின்சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். இங்கே அதை வேண்டுமென்றே முன்னே இழுத்திருக்கிறோம், 3.6 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். பக்க ஸ்பீக்கர்கள் பக்கச் சுவர்களில், கேட்பவரின் காதுக்குச் சற்றுப் பின்னே, நேர்முன் திசையிலிருந்து 110 பாகையில். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை 100இலிருந்து 120 பாகைக்குள் வைக்கச் சொல்கிறது.

இப்போது நேரம். முன் ஸ்பீக்கரிலிருந்து கதிரைக்கு நேர்த்தூரம் 3.94 மீற்றர். பக்க ஸ்பீக்கரிலிருந்து 2.13 மீற்றர். வித்தியாசம் 1.81 மீற்றர், ஏறத்தாழ 5.2 மில்லிசெக்கன். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒலியை அனுப்பினால் பக்க ஸ்பீக்கர் முந்திவிடும். முந்தொலி விளைவால் முன்னே நிற்க வேண்டிய ஒலி பக்கவாட்டுக்கு இழுபடும். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவரின் மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் கேட்கும் பகுதி இதற்காகவே இருக்கிறது. அளவுநாடாவால் அளந்து சரியான தூரத்தைக் கொடுத்தால், அது பக்க ஸ்பீக்கரை 5.2 மில்லிசெக்கன் பிந்த வைக்கும். காசு செலவில்லாத இந்த வேலையைப் பல வீடுகளில் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

நேராக வரும் ஒலிக்குப் பின்னே தெறித்து வருபவை வரிசையாக வரும். முன் ஸ்பீக்கரின் ஒலி பக்கத்துச் சுவரில் பட்டு வருவது 1.1 மில்லிசெக்கன் பிந்தி. கூரைத் தட்டில் பட்டு வருவது 4.6, பின்சுவரில் பட்டு வருவது 13. எல்லாமே ஐம்பதுக்குள் அடங்கிவிடுவதால் எதிரொலி கேட்காது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. வழுவழுப்பான சீமெந்து, தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டுமே விழுங்குகிறது; மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அது எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்ப வருகிறது, மீண்டும் போகிறது. இப்படி ஒலி ஓய்ந்த பிறகும் அறைக்குள் அலைந்து தேயும் மிச்சத்தை எதிர்முழக்கம் என்போம்.

அதை அளக்கும் வழியை நமக்குத் தந்தவர் ஹார்வட் பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிக ஆசிரியர் வாலஸ் சபின். 1895இல் புதிதாகக் கட்டிய ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. அங்கே ஒரு சொல் ஐந்து செக்கனுக்கு மேல் நின்று முழங்கியது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி, இரவில் ஊர் அடங்கிய பிறகு, ஓர்கன் குழாயை ஊதிவிட்டு ஒலி தேயும் நேரத்தை அவர் அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. அவர் கண்ட அலகு நம் ஊருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது: திறந்த யன்னல். ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னலில் விழும் ஒலி முழுவதும் வெளியே போய்விடும், திரும்பாது. ஆகவே ஒரு பொருள் எத்தனை சதுர மீற்றர் திறந்த யன்னலுக்குச் சமம் என்று சொன்னால் அதன் விழுங்கும் திறன் தெரிந்துவிடும். அறையின் கனவளவை 0.16ஆல் பெருக்கி, மொத்த யன்னல் அளவால் வகுத்தால், எதிர்முழக்கம் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய எத்தனை செக்கன் என்பது கிடைக்கும்.

நமது ஹோலின் கனவளவு 72 கன மீற்றர். சுவர், நிலம், தட்டு எல்லாம் சேர்ந்து 108 சதுர மீற்றர். நூற்றுக்கு மூன்று என்று வைத்தால், வெறும் ஹோல் மூன்றேகால் சதுர மீற்றர் யன்னலுக்குத்தான் சமம். விடை ஏறத்தாழ 3.6 செக்கன். சாதாரணமாகப் பேசும்போது ஒரு செக்கனுக்கு நாலைந்து அசை வாயிலிருந்து வருகிறது. அப்படியானால் இந்த ஹோலில் ஒவ்வோர் அசையும் தனக்கு முன்னே போன பல அசைகளின் மிச்சத்துக்குள்தான் பிறக்கிறது. வசனம் விளங்காததற்கும், சத்தத்தைக் கூட்டினாலும் விளங்காததற்கும் இதுதான் காரணம்: கூட்டும்போது மிச்சமும் சேர்ந்தே கூடுகிறது. வீட்டில் படம் பார்க்க அரைச் செக்கன் முழக்கம் நல்ல இலக்கு. அதற்கு 23 சதுர மீற்றர் யன்னல் வேண்டும்.

அத்தனை யன்னலையும் உண்மையாகவே திறந்து வைத்தால் முழக்கம் அடங்கும், ஆனால் படத்தை அயல் முழுதும் கேட்கும். ஆகவே உள்ளே தேட வேண்டும். தடித்த துணிச் சோபா ஏறத்தாழ 2. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரைச்சீலை ஆறு சதுர மீற்றர் போட்டால் 3. நிலத்தில் தடித்த கம்பளம் ஆறு சதுர மீற்றர் என்றால் ஏறத்தாழ 2. இருந்து பார்க்கும் நாலு பேரும் சேர்ந்து 2, ஏனென்றால் மனித உடம்பும் உடுப்பும்கூட ஒலியை விழுங்கும். வெறும் ஹோலின் மூன்றையும் கூட்டினால் பன்னிரண்டு. முழக்கம் ஒரு செக்கனுக்கு இறங்குகிறது. பாதி வழி வந்தாயிற்று. மீதிப் பதினொன்றும் எங்கிருந்து வரும் என்ற கேள்வியோடுதான் சுவருக்குள் பதிக்கும் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும்.

சுவருக்கு முன் ஒரு சுவர்

சுவருக்குள் பதிக்கும் ஸ்பீக்கர் வட அமெரிக்க வீட்டுக்கென்று பிறந்தது. அங்கே உட்சுவர் என்பது நாற்பது சென்ரிமீற்றருக்கு ஒரு மரச்சட்டம் நிறுத்தி, இருபக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்த கூடு. பலகையை வெட்டி ஸ்பீக்கரைச் செருகினால், உள்ளே இருக்கும் வெற்றிடம் அதற்குப் பெட்டியாகிவிடும். வயரும் அந்த வெற்றிடத்துக்குள்ளேயே ஓடும். நம் சுவரில் வெற்றிடம் இல்லை. 4 அங்குலக் கல்லில் 4 அங்குல ஆழத்துக்கு வெட்டினால் மறுபக்கம் தெரியும். 6 அங்குலத்தில் வெட்டினாலும் மிச்சம் நிற்பது இரண்டே அங்குலம். வெளிச்சுவராக இருந்தால் மாரிமழை உள்ளே வர அதுவே வழி.

அதனால் இது நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவது அவசரம். அழகுக்கு அப்பால், சுவருக்குள் பதிப்பதற்கு ஒலியியல் நியாயம் ஒன்று உண்டு. சுவரிலிருந்து 60 சென்ரிமீற்றர் முன்னே நிற்கும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலி முன்னுக்கு மட்டுமல்ல, பின்னுக்கும் பரவுகிறது. பின்னே போனது சுவரில் பட்டு 1.2 மீற்றர் கூடுதலாக நடந்து, மூன்றரை மில்லிசெக்கன் பிந்தி, முன்னே போவதோடு சேர்கிறது. ஏறத்தாழ 146 ஹேர்ட்ஸ் மீடிறனில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிகின்றன. 146 ஹேர்ட்ஸ் என்பது ஆண் குரலின் அடித்தளம் இருக்கும் இடம். ஸ்பீக்கர் எவ்வளவு விலையானாலும் இந்தக் குழியை நிரப்ப முடியாது. சுவரோடு சமமாகப் பதித்தாலோ பின்னே போகும் அலையே இல்லை, பிந்தி வரும் பிரதியும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய ஸ்பீக்கர்களைச் சுவருக்குள் புதைப்பது இதற்காகத்தான்.

நம் வீட்டுக்குப் பொருந்தும் வழி, சுவரை வெட்டாமல் அதற்கு முன் இன்னொரு சுவர் எழுப்புவது. ரிவிச் சுவருக்கு முன்னே 12 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மரச்சட்டம் அல்லது அலுமினியச் சட்டம் அடித்து, மூடிய பெட்டியோடு வரும் ஸ்பீக்கர் மூன்றையும் அதில் இறுக்கி, மிச்ச இடம் முழுக்க ரொக்வூல் நிரப்பி, காற்றுப் புகும் துணியால் மூடுவது. பின்னாலுள்ள சீமெந்து 12 சென்ரிமீற்றர்தான் தள்ளி என்பதால், அழிக்கும் குழி 146 ஹேர்ட்ஸிலிருந்து 700க்கு மேலே ஏறிவிடுகிறது. அந்த மீடிறனை ரொக்வூல் எளிதில் விழுங்கும். ஆகவே குழி அனேகமாகத் தூர்ந்துவிடும். இன்னொரு இலாபமும் உண்டு. 12 சதுர மீற்றர்ச் சுவரில் ரிவியும் ஸ்பீக்கரும் மூன்றை எடுத்தாலும், மீதி ஒன்பதும் ஏறத்தாழ எட்டுச் சதுர மீற்றர் திறந்த யன்னலாக வேலை செய்யும். பன்னிரண்டும் எட்டும் இருபது. முழக்கம் அரைச் செக்கனுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. ஸ்பீக்கரைப் பதிப்பதும் முழக்கத்தை அடக்குவதும் இரண்டு செலவு அல்ல, ஒரே சட்டகம். பின்சுவரில் ஒரு புத்தக அலுமாரி வைத்தால் மீதியும் சரியாகும்.

இதற்கு வரும் மறுப்பு நியாயமானது: உப்புக் காற்றிலும் மாரி ஈரத்திலும் துணிச் சுவர் பூஞ்சணம் பிடிக்காதா? வடக்கே கடல், பக்கத்திலே கடல்நீரேரி என்று இருக்கும் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் திட்டம் போடவே கூடாது. ரொக்வூல் உருக்கிய கல்லிலிருந்து இழுத்த இழை. பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும் அதில் உணவில்லை, எரியவும் மாட்டாது. ஆனால் நனைந்தால் பயன் கெடும். ஆகவே சட்டகத்தை வெளிச்சுவரில் அடிப்பதைவிட உட்சுவரில் அடிப்பதே நல்லது. கீழே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். துணியைக் கழற்றித் தோய்க்கும்படி பூட்ட வேண்டும். கையில் கிடைக்கும் தும்பு மெத்தையும் நடுத்தர, உயர்ந்த மீடிறன்களை நன்றாக விழுங்கும்; தீயையும் ஈரத்தையும் யோசித்தால் அது இரண்டாம் தெரிவுதான். ஸ்பீக்கரின் வலைமூடி இரும்பாக இருந்தால் துருப்பிடிக்கும், அலுமினியம் கேட்டு வாங்க வேண்டும். கூம்பின் ஓரத்து வளையம் ஸ்பொஞ்சாக இல்லாமல் ரப்பராக இருக்க வேண்டும். இந்த வெக்கையில் ஸ்பொஞ்ச் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும்.

வயர் இல்லை என்றால்

வயர் இல்லாத ஸ்பீக்கருக்கும் ஒரு வயர் உண்டு, கரண்ட் வயர். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான். ஒலியைக் காற்றில் அனுப்பலாம், கூம்பை அசைக்கும் வலுவை அனுப்ப முடியாது. 1990களின் முற்பகுதியில் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலை காற்றில் இலவசமாக வந்தது, அதைக் கேட்க ஒருவர் மிதிக்க வேண்டியிருந்தது. பக்கச் சுவரில் பிளக் இருந்தால் அங்கே வயர் போகக் குழாயும் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பக்கத்தில் இன்னொரு குழாயில் ஸ்பீக்கர் வயரும் போயிருக்கலாமே.

அடுத்தது நேரம். சாதாரண புளூரூத், ஒலியைச் சுருக்கி, பொதி பொதியாக அனுப்பி, மறுமுனையில் சேர்த்து விரிக்கிறது. இதற்கு 150 மில்லிசெக்கன் அளவில் பிடிப்பது வழக்கம். நம் கணக்கில் 150 மில்லிசெக்கன் என்றால் 52 மீற்றர். ஹோலின் பக்கச் சுவரில் இருக்கும் ஸ்பீக்கர் படலையையும் தாண்டி வீதியில் நின்று ஒலிப்பதற்குச் சமம் அது. 5.2 மில்லிசெக்கனைச் சரிசெய்ய அளவுநாடா பிடித்த இடத்தில் 150ஐக் கொண்டுவந்து போடுவது எந்தத் திட்டத்திலும் சேராது. முன் ஸ்பீக்கரையும் அதே அளவு பிந்த வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் படமும் பிந்த வேண்டும். ஒலி படத்துக்கு 125 மில்லிசெக்கன் பிந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார் என்று தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சோதனைகள் சொல்கின்றன. உதடு ஒன்று சொல்ல, சொல் வேறொன்றாகக் கேட்கும்.

எல்லா வயரற்ற ஸ்பீக்கரும் புளூரூத் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுத் திரையரங்குக்கென்றே செய்த வகைகள் தமக்கென ஓர் அலைவரிசையை வைத்து, பிந்துதலைச் சில மில்லிசெக்கனுக்குள், மாறாத ஓர் அளவில் வைத்திருக்கின்றன. மாறாத பிந்துதலை ரிசீவர் ஈடுகட்டிவிடும். மாறிக்கொண்டே இருக்கும் பிந்துதலை யாராலும் ஈடுகட்ட முடியாது. கட்டி முடித்து ரைல்ஸும் பதித்த வீட்டில், பக்க ஸ்பீக்கருக்கு இந்த வகை நல்ல தீர்வு. ரிசீவரும் ஸ்பீக்கரும் ஒரே ஹோலுக்குள், ஒன்றையொன்று பார்க்கும்படி இருக்க வேண்டும். இந்த அலைகளுக்குச் சீமெந்துச் சுவரைத் தாண்டுவது கடினம். முன் மூன்று ஸ்பீக்கருக்கு மட்டும் எந்த நிலையிலும் வயரே வேண்டும். வசனமும் திசையும் அங்கிருந்துதான் பிறக்கின்றன, அங்கே பொறுக்கக்கூடிய பிழை மிகக் குறைவு.

குழாயும் ஹோலும்

சப்வூஃபருக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஓர் அலையின் நீளம் நாலரை மீற்றருக்குக் கிட்டவாகவோ கூடவோ இருக்கிறது. அத்தனை நீள அலை தலையைச் சுற்றி வரும்போது இரு காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தோன்றுவதால், மூடிய அறைக்குள் திசை தெரிவதில்லை. எனவே வயரற்ற தொடர்பு நன்றாகப் பொருந்தும் இடம் சப்வூஃபர்தான். பிளக் உள்ள எந்த மூலையிலும் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நகர்த்தலாம்.

நகர்த்திப் பார்க்க வேண்டியது அவசியமும்கூட. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பரிவுக் குழாய் மறந்திருக்காது. குழாயின் நீளத்துக்குப் பொருந்தும் மீடிறனில் மட்டும் ஒலி பொங்குகிறது. ஹோலும் அதே விதிக்கு அடங்கியதே, இரு முனையும் மூடிய பெரிய குழாய் அது. 6 மீற்றர் நீளத்துக்கு 29 ஹேர்ட்ஸ், அடுத்தது 58. 4 மீற்றர் அகலத்துக்கு 44. 3 மீற்றர் உயரத்துக்கு 58. கவனியுங்கள், நீளம் உயரத்தின் சரியான இருமடங்கு என்பதால் 58 ஹேர்ட்ஸ் இரண்டு வழியில் பொங்குகிறது. ஜிப்சம் பலகைச் சுவர் தானும் சற்று வளைந்து அதிர்ந்து இந்தப் பொங்கலில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். சீமெந்துச் சுவர் அசையாது, தின்னாது. ‘டும்’ என்று நிற்க வேண்டிய வெடி ‘டூம்ம்ம்’ என்று இழுபடுவது இதனால். வீடு இன்னும் வரைபடத்தில் இருந்தால் கூரையை 20 சென்ரிமீற்றர் உயர்த்தச் சொல்லுங்கள், 58உம் 55உமாக அவை பிரிந்துவிடும்.

கதிரையை 3.6 மீற்றரில் வைத்ததற்குக் காரணமும் இந்த மீடிறன்கள்தான். நீளத்தின் நடுவில், 3 மீற்றரில் கதிரையைப் போட்டால் 29 ஹேர்ட்ஸ் அங்கே இல்லவே இல்லை, 58 உச்சத்தில் நிற்கும். பின்சுவரோடு ஒட்டினால் எல்லாமே உச்சம். நடுவுக்கும் பின்சுவருக்கும் இடையே, நீளத்தின் ஐந்தில் மூன்று பங்கில், இரண்டும் ஓரளவு கிடைக்கின்றன. அகலத்தில் நாம் நடுவில் இருப்பதால் 44 ஹேர்ட்ஸ் மெலியும். திசைக்காக அந்த இழப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ரிசீவரோடு வரும் சிறு மைக் எல்லாவற்றையும் தானே சரிசெய்யும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். தூரத்தையும் அளவையும் அது நன்றாகவே சரிசெய்யும். ஒரு மீடிறன் பொங்கினால் குறைத்துவிடும். ஆனால் சுவரில் பட்டு அலையும் ஒலியைத் திரும்ப அழைக்க அதனால் முடியாது. 3.6 செக்கன் முழக்கமுள்ள ஹோலில் மைக்கை வைத்தால், 3.6 செக்கன் முழக்கமுள்ள, நன்றாகச் சரிசெய்யப்பட்ட ஹோல்தான் கிடைக்கும்.

பூச்சு விழுமுன்

கொங்கிறீற் தட்டு ஓரிடத்தில் நமக்கு உதவுகிறது. உயரத்திலிருந்து வரும் ஒலிக்காகக் கூரையில் துளையிடத் தேவையில்லாமல், ஒலியை மேலே எறிந்து தட்டில் தெறிக்கச் செய்யும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. அவை நன்றாக வேலை செய்ய வழுவழுப்பான, தட்டையான, பதினான்கு அடிக்குள் உயரமான கூரை வேண்டும். கொங்கிறீற் தட்டு அதற்கு மிகப் பொருத்தம், ஓட்டுக்கூரை பொருந்தாது. பழைய வீட்டில் அஸ்பெஸ்டஸ் சீற் சீலிங் இருந்தால் ஸ்பீக்கருக்காக அதை வெட்டவே கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் தீராத நோய்.

சுவர் எழும்பி, பூச்சு இன்னும் விழாத சில வாரங்கள்தான் திட்டம் மலிவாக இருக்கும் காலம். ரிசீவர் வைக்கும் இடத்திலிருந்து முன் மூன்று, பக்கம் இரண்டு, சப்வூஃபருக்கு இரண்டு மூலை என ஏழு இடத்துக்கும் ஓர் அங்குல பிவிசி குழாய் பதித்து, ஒவ்வொன்றிலும் நைலோன் நூல் ஒன்றை விட்டு வைக்க வேண்டும். இப்போது வயரற்றதை வாங்கினாலும் குழாயைப் பதிப்பதில் நட்டமில்லை. வயரற்ற தொழில்நுட்பம் பத்தாண்டில் மாறிவிடும், குழாய் வீடு இருக்கும்வரை இருக்கும். கரண்ட் வயர் போகும் குழாயும் இதுவும் ஒரு சாணாவது விலகி ஓட வேண்டும், குறுக்கிட்டால் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும். இல்லாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஏறும். 12 மீற்றர் ஓட்டத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயர் போதும், அதில் இழக்கும் வலு நூற்றுக்கு இரண்டுதான். கடற்கரைக்கு வெள்ளீயம் பூசிய செப்பு கிடைத்தால் அதையே எடுக்கலாம், வெறும் செப்பின் முனை இரண்டு மாரியில் பச்சை பிடித்துவிடும். குழாய் வாய்களைச் சீமெந்து போகாமல் ரேப்பால் ஒட்டி, மேசனார் பூச்சைத் தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து வைத்தால், பிறகு ஆணி அடிப்பவருக்கும் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.